டிராக்குக்கு மட்டும் காசு வாங்குங்கள்!

நான் பயன்படுத்தும் இசைப்பதிவு மென்பொருளின் விலை குறைந்த சிறிய பதிப்புக்கு 16 டிராக் (ஒவ்வோர் ஒலியையும் தனித்தனியே பதியும் தடம்) போதும் என்று யார் முடிவு செய்தார்கள்? மிருதங்கத்தின் வலந்தலைக்கு (வலப்பக்கம்) ஒரு மைக், தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒரு மைக்; ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராக். வயலின், தம்புரா, குரல், அதன்மேல் அடுக்கடுக்காகக் கூட்டுக்குரல், கீபோர்டு, பேஸ்... சரணத்தை எட்டுவதற்குள் வரம்பு முடிந்துவிடுகிறது. வேறு வழியின்றி மிருதங்கத்தின் இரண்டு டிராக்குகளையும் கலந்து ஒரே ஆடியோவாக்குகிறேன். மறுநாள் கேட்டால் தொப்பி அமுங்கிக் கிடக்கிறது. அதை மட்டும் தனியே உயர்த்த முடியாது. பழைய கோப்பைத் திறந்து மறுபடியும் கலக்க வேண்டும். பாட்டின் மேல் இருந்த ஆசையே வற்றிவிடுகிறது.

சரி, பெரிய பதிப்புக்கு மாறலாம் என்றால், நான் தொடவே போகாத மேற்கத்திய ஆர்க்கெஸ்ட்ரா ஒலிகளையும் பல ஜிபி கணக்கில் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்கள். விலை டாலரில்; அதற்குமேல் 18 சதவீத ஜிஎஸ்டி. இப்போது வாங்கினால் நவம்பர் தள்ளுபடியைப் பார்த்து வயிறு எரியும். காத்திருந்தால் அதுவரை இதே மல்லுக்கட்டு.

ரீப்பர் என்ற வேறொரு இசைப்பதிவு மென்பொருளில் இந்தப் பதிப்புப் பாகுபாடே இல்லை. தனிநபர் உரிமம் 60 டாலர், டிராக்குக்கு வரம்பும் கிடையாது. ஆனால் பாதியில் நிற்கும் என் பாடல்களெல்லாம் பழைய மென்பொருளின் கோப்புகளில் அல்லவா இருக்கின்றன! அவற்றை ரீப்பர் அப்படியே திறக்காது. ஒவ்வொரு டிராக்காக ஏற்றுமதி செய்ய வேண்டும்.

டிராக்குகளை மட்டும் தனியாக விற்கட்டும், இன்றைக்கே பணம் கட்டுகிறேன்.