உடம்பில் சூடு என்றதும் குளிர்ச்சியைத் தேடி ஓடாதீர்கள்

போன வருடம் இந்த நேரத்தில் தினமும் இரவு இரண்டு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடும். கழுத்தும் நெஞ்சும் நனைந்திருக்கும். உள்ளங்கை இரண்டும் உள்ளங்கால் இரண்டும் அடுப்பில் காட்டியது போல எரியும், காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு டைல்ஸ் தரையில் பதித்தால்தான் கொஞ்சம் ஆறும். வயது 51, மாதவிடாய் நிற்கிற நேரம், இதெல்லாம் இருக்கும் என்று தெரியும். ஆனால் தெரிந்து வைத்திருப்பதால் தூக்கம் வந்துவிடுமா?

சிங்கப்பூரில் இத்தனை வருடம் இருந்தவர்களுக்குத் தெரியும், இங்கே சாப்பாடு எதுவாக இருந்தாலும் சூடு, குளிர்ச்சி என்று இரண்டாகப் பிரித்துவிடுவார்கள். டுரியான் சூடு, மங்குஸ்தீன் குளிர்ச்சி, பொரித்தது சூடு, செவ்வந்திப்பூ தேநீர் குளிர்ச்சி. மாம்பழம் சூடு, இளநீர் குளிர்ச்சி என்று கேட்டு வளர்ந்த எனக்கு இது புதிதில்லை. அதனால் என் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று நானே முடிவு செய்து, சந்தைக்குப் பக்கத்தில் விற்கிற கசப்பு மூலிகைத் தேநீரை ஒரு நாளைக்கு இரண்டு கோப்பை வீதம் மூன்று வாரம் குடித்தேன். எரிச்சல் குறையவில்லை. வயிறு கெட்டது, பகலில் விரல் நுனியெல்லாம் சில்லிட்டுப் போனது, இரவானால் மறுபடியும் அதே நெருப்பு.

எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி இதைக் கேட்டுவிட்டு, என்னிடம் ஒன்றும் கேட்காமல் தன் சின்சேயிடம் நேரம் வாங்கிவிட்டார். சீன வைத்தியரை இங்கே சின்சே என்றுதான் சொல்வோம். அந்தச் சின்சே அம்மா முதலில் நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல்களை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நாடி பார்த்தார். அதன் பிறகு கேள்விகள். தாகம் எடுத்தால் மடக்மடக்கென்று குடிக்கத் தோன்றுகிறதா, இல்லை வாயை நனைத்தால் போதுமா? எரிச்சல் எந்த நேரத்தில் வருகிறது? மலம் இறுகிப் போகிறதா? வாயை நனைத்தால் போதும், வருவது இரவில்தான், இறுகுவதில்லை என்று சொன்னேன். நாக்கு சிவந்து, மாவு படியாமல், நடுவில் வெடித்திருக்கிறது என்றார். நாடி வேகமாக இருக்கிறது, ஆனால் நூல் போல மெலிந்திருக்கிறது என்றார். அப்புறம் சொன்னதைத்தான் நான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன். பானையில் தண்ணீர் வற்றினால் அடுப்பில் பழைய தீயே எரிந்தாலும் பானை கருகத்தான் செய்யும், உனக்குத் தீ கூடவில்லை, தண்ணீர் குறைந்துவிட்டது, நீ மூன்று வாரமாக இருக்கிற தீயையும் அணைத்துக்கொண்டிருந்தாய்.

யின், யாங் என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அதன் மொத்த விஷயமும் இதுதான் என்று நான் நினைக்கிறேன். அந்தத் தீதான் யாங், அந்தத் தண்ணீர்தான் யின். உடம்பில் சூடு தெரிந்தால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். யாங் உண்மையிலேயே மிகுந்திருக்கலாம். அப்படியானால் நாக்கில் மஞ்சளாகத் தடித்த படிவு இருக்கும், நாடி பலமாக அடிக்கும், குளிர்ந்த தண்ணீரைத் தேடுவார்கள், மலம் இறுகும். அவர்களுக்குக் கசப்புத் தேநீர் சரி. அல்லது யாங்கைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய யின் வற்றிப்போய், யாங் தன் அளவிலேயே இருந்தாலும் கட்டில்லாமல் மேலே மிதக்கலாம். இதை அவர்கள் வெற்றுத் தீ என்கிறார்கள். கை, கால், நெஞ்சு ஐந்து இடத்தில் எரிச்சல், இரவு வியர்வை, மெலிந்த நாடி, எல்லாம் அதன் அடையாளங்கள். வெளியே தெரிகிற சூடு ஒன்றுதான், ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றொன்றைக் கெடுக்கும். சாப்பாட்டைச் சூடு, குளிர்ச்சி என்று பிரித்து வாட்ஸ்அப்பில் சுற்றுகிற பட்டியல் எதிலாவது இந்த வித்தியாசம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை இல்லை.

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. யின் யாங் என்றதும் எல்லாருக்கும் அந்தக் கறுப்பு வெள்ளை வட்டம்தான் கண்ணில் வரும், பாதி பாதியாக, அளந்து வெட்டிய மாதிரி. அந்தப் படம் பிற்காலத்தில் வந்தது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட ஹுவாங்டி நெய்ஜிங் என்ற சீன மருத்துவத்தின் மூலநூலில் அது கிடையாது. யின் என்ற எழுத்துக்கு மலையின் நிழல் விழும் பக்கம் என்று பொருள், யாங் என்றால் வெயில் விழும் பக்கம். மலை ஒன்றுதான், காலையில் நிழலாக இருந்த சரிவு சாயங்காலம் வெயிலில் நிற்கும். ஆண், பெண், நல்லது, கெட்டது என்று அதை ஒட்டிவைத்துப் பேசுகிறவர்களுக்கு இந்த மலையைக் காட்டினால் போதும். நடுப்பகலில் யாங் உச்சிக்குப் போனதும் யின் பிறக்கிறது, நள்ளிரவில் யின் உச்சிக்குப் போனதும் யாங் பிறக்கிறது என்பது அவர்கள் கணக்கு. சமநிலை என்றால் தராசு முள் நடுவில் அசையாமல் நிற்பது என்று நினைத்துக்கொண்டு, அதை வாங்கிவிடலாம் என்று புட்டியில் தேடுகிறோம்.

எனக்கு எழுதிக் கொடுத்த மருந்தின் அடிப்படை ஆறு சரக்கு சேர்ந்த ஒரு பழைய மருந்து. அதன் கதை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் என்ற வைத்தியர் எட்டு சரக்கில் ஒரு உருண்டை செய்தார். அதில் இரண்டு சூடானவை: ஒன்று லவங்கப்பட்டை இனத்து மரத்தின் இளங்குச்சி, மற்றது நம் ஊரில் நாபி என்கிற நச்சுச் செடியின் இனத்தைச் சேர்ந்த கிழங்கு. அது யாங் குறைந்தவர்களுக்கானது. பல நூற்றாண்டு கழித்து, சொங் வம்சத்து அரசர்கள் காலத்தில், சியென் யி என்ற குழந்தை வைத்தியர் குழந்தைகளுக்கு இயல்பிலேயே யாங் தாராளம், இவர்களுக்கு எதற்கு இன்னும் சூடு என்று அந்த இரண்டையும் எடுத்துவிட்டார். மீதி ஆறு, யின்னை நிரப்புகிற மருந்தாக மாறிவிட்டது. அவருடைய முறைகளைத் தொகுத்த நூல் 1119இல் வந்தது, அந்த ஆறு சரக்கு மருந்து இன்றும் சின்சே கடைகளில் விற்கிறது. அந்த ஆறிலும் மூன்று நிரப்பும், மூன்று வடித்துவிடும். நிரப்புவதை மட்டும் போட்டால் உள்ளே தேங்கிவிடும் என்பதால் அந்த ஏற்பாடு.

கடையில் மருந்து கட்டும்போது நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மர இழுப்பறையிலிருந்து அந்த ஆறில் ஒன்றான ஒரு கறுப்பு வேர்த் துண்டை எடுத்து என் கையில் வைத்தார் கடைக்காரர். பழைய புளியைப் போலக் கறுத்து, விரலில் ஒட்டியது, நாக்கில் வைத்தால் வெல்லப்பாகு கொஞ்சம் கருகின மாதிரி இனிப்பு. இதே வேரைப் பச்சையாக உலர்த்தினால் குளிர்ச்சி மருந்து, இரத்தச் சூட்டுக்குக் கொடுப்பது. மதுவில் ஊறவைத்துத் திரும்பத் திரும்ப ஆவியில் அவித்து வெயிலில் காயவைத்தால் குணம் மாறி இளஞ்சூடாகி, யின்னை நிரப்புகிற சரக்காகிவிடுகிறது. இஞ்சிக்கும் சுக்குக்கும் நாம் வித்தியாசம் பார்க்கிறோமே, அது போல. அவர்களும் அந்த இரண்டையும் தனித்தனி மருந்தாகவே எழுதுகிறார்கள், இஞ்சித் தோல் மட்டும் குளிர்ச்சி என்று அதையும் தனியே வைத்திருக்கிறார்கள். அதற்காக இதைச் சித்த மருத்துவத்தோடு ஒன்று என்று சொல்ல மாட்டேன். அங்கே வாதம், பித்தம், கபம் என்று மூன்று, இங்கே கணக்கே வேறு.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது அந்த ஆறு சரக்கு மருந்தை நேராகப் போய் வாங்கினால் நான் எழுதியதே வீண். அந்தக் கறுப்பு வேர் பிசுபிசுப்பானது, செரிமானம் மந்தமாக இருப்பவர்களுக்கு வயிற்றை உப்பவைத்துவிடும். ஜின்செங் என்றாலே பலம் என்று கொரிய ஜின்செங்கை வாங்கி அம்மா அப்பாவுக்கு அனுப்புகிறோம். அது சூடு, அமெரிக்க ஜின்செங் குளிர்ச்சி, பெட்டியில் இருக்கிற பெயர் மட்டும் ஒன்று.

இயற்கைதானே, பக்கவிளைவு கிடையாது என்கிற பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபமே வருகிறது. பிறந்த குழந்தைக்குக் கருச்சூடு தணிய வேண்டும் என்று இங்கே ஹுவாங்லியன் என்ற கடுங்குளிர்ச்சி வேரைக் கொடுக்கிற பழக்கம் இருந்தது. ஜி6பிடி என்ற நொதி குறைந்த குழந்தைகளுக்கு அதனால் மஞ்சள் காமாலை முற்றுகிறது என்ற அச்சத்தில் சிங்கப்பூர் அரசு 1978இல் அதைத் தடை செய்தது, 2013இல்தான் தடை விலகியது. பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் எடை குறைக்கும் மருந்தில் ஃபாங்ஜி என்ற மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த குவாங் ஃபாங்ஜி கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, சிலருக்குப் பின்னால் புற்றுநோயும் வந்தது. மூலிகை மாறியது ஒரு தவறு. அதை விடுங்கள், யார் என்ன உடம்பு என்று பார்க்காமல் எடை குறைய வேண்டும் என்று வந்த எல்லாருக்கும் ஒரே மூலிகையைக் கொடுப்பது எந்த யின் யாங் கணக்கில் வரும்? நாக்கைப் பார்க்காமல், நாடியைப் பிடிக்காமல், சமநிலை தரும் என்று பொட்டலம் விற்பவரிடம் இருப்பது அந்த மருத்துவத்தின் பெயர் மட்டும்தான். இங்கே 2000இல் சட்டம் வந்து, சின்சேக்கள் பதிவு செய்துகொண்டுதான் வைத்தியம் பார்க்க முடியும். அந்தப் பதிவைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

என் சின்சே மருந்து எழுதுவதற்கு முன்னால் என்னைப் பாலிகிளினிக் என்கிற பலதுறை மருந்தகத்துக்கு அனுப்பினார். தைராய்டு பார், சர்க்கரை பார், இரவு வியர்வை என்பதால் நெஞ்சுப் படமும் எடுத்துவிட்டு வா, அங்கே ஒன்றும் இல்லை என்றால்தான் நான் தொடங்குவேன் என்றார். யின் யாங் கணக்கில் தைராய்டு கட்டி தெரியாது, காசநோய்க் கிருமி தெரியாது. அது அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

நெய்ஜிங்கில் வசந்தத்திலும் கோடையிலும் யாங்கைப் பேணு, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் யின்னைப் பேணு என்று இருக்கிறதாமே, வருடம் முழுக்க ஒரே வெயிலாக இருக்கிற இந்த ஊரில் என்ன செய்வது என்று ஒரு நாள் அவரிடம் கேட்டேன். இங்கேயும் இரவு வருகிறதே என்றார். பகலில் உடம்பின் காவல் சக்தி வெளிப்பக்கம் சுற்றும், இரவில் உள்ளே போய் யின்னோடு சேரும், அது உள்ளே போகிற நேரத்தில் நீ விளக்கைப் போட்டுக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தால் அது எங்கே போகும்? மருந்து நிரப்புவதை நீ தினமும் இரவு ஒரு மணிவரை செலவழிக்கிறாய் என்றார். உண்மைதான். வேலை முடிந்து, சமைத்து, பாத்திரம் கழுவி, எனக்கென்று கிடைக்கிற நேரமே பதினொன்றுக்கு மேல்தான். அதை விடுவது கசப்புத் தேநீரைவிடக் கசந்தது.

நான்கு மாதம் மருந்து குடித்தேன், பத்தரைக்குப் படுக்கப் பழகினேன். எரிச்சல் வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று குறைந்தது. மருந்தா, தூக்கமா, வயது தானாகவே அந்தக் கட்டத்தைக் கடந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, மருந்துதான் என்று அடித்துச் சொல்கிறவர்களையும் நான் நம்ப மாட்டேன். நேற்று எதிர்வீட்டு ஆன்ட்டி மங்குஸ்தீன் ஒரு பை கொண்டுவந்து, உனக்கு நான்கு போதும், உன் வயிறு குளிர்ச்சி தாங்காது, மீதியை உன் வீட்டுக்காரருக்குக் கொடு என்று எண்ணி வைத்துவிட்டுப் போனார்.