"பெயரை மாற்றிப் போட்டுக்கொள்கிறேன் அண்ணாச்சி"

போன வாரம் வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி அழைத்தான். படிப்பை முடித்து நாலைந்து வருடம் ஆகிறது. சொந்தமாக அலுவலகம் போட்டிருக்கிறான். முதல் பெரிய வேலையாக ஒரு திருமண மண்டபம் கைக்கு வந்திருக்கிறது. "அண்ணாச்சி, நல்ல மாஸ்டர் ஸ்பெசிஃபிகேஷன் ஒன்று இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். ஊரையும் பெயரையும் மாற்றிப் போட்டுக்கொள்கிறேன்" என்றான். கேட்டதும் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் மேல் என்று சொல்ல முடியாது. இருபது வருடத்துக்கு முன் நானும் இதே வார்த்தைகளை இன்னொரு அண்ணாச்சியிடம் சொன்னவன்தான்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சுவர் எங்கே வரும், எத்தனை அடி என்பதை வரைபடம் சொல்லிவிடும். எந்தச் செங்கல், எத்தனைக்கு எத்தனை கலவை, எத்தனை நாள் தண்ணீர் விட வேண்டும், எந்தச் சோதனையில் தோற்றால் இடித்துவிட்டு மறுபடி கட்ட வேண்டும் என்பதெல்லாம் ஸ்பெசிஃபிகேஷன் என்கிற விவரக்குறிப்பில்தான் இருக்கும். எந்தக் கட்டடத்துக்கும் தேவைப்படக்கூடிய எல்லா வேலைகளையும் எழுதி வைத்திருக்கும் மூலத் தொகுப்பைத்தான் மாஸ்டர் என்கிறோம். அது துணிக்கட்டு. அளவெடுத்து வெட்டித் தைத்தால்தான் சட்டை. நம் ஊரில் பாதிப் பேர் துணிக்கட்டை அப்படியே தோளில் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

கங்கைகொண்டான் பக்கம் ஒரு தொழிற்கூட வேலைக்கு இடையில் மேற்பார்வைக்குப் போனேன். ஒப்பந்தக் கட்டில் விவரக்குறிப்பு மட்டும் நானூறு பக்கம். ஏதோ வெளிநாட்டுத் தொகுப்பிலிருந்து எடுத்து, நாலு கை மாறி வந்தது. கான்கிரீட் அத்தியாயத்தில் முழுதாக ஒன்றரைப் பக்கம், உறைபனியிலிருந்து புதுக் கான்கிரீட்டைக் காப்பது எப்படி என்று விளக்கியிருந்தது. மேலே போர்வை போர்த்த வேண்டுமாம். நான் அதைப் படித்தது சித்திரை மாதம், தகரக் கொட்டகைக்குள், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்த நேரத்தில்! அதே நானூறு பக்கத்தில் வெயில் காலத்தில் கான்கிரீட் போடுவது பற்றி ஒரு வரி இல்லை. அதற்கென்று இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 7861, முதல் பகுதி என்று தனி நூலே இருக்கிறது. போடும் நேரத்தில் கான்கிரீட்டின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது, ஜல்லிக்கு நிழல் வேண்டும், தேவைப்பட்டால் கலவைத் தண்ணீரில் பனிக்கட்டி போடலாம் என்றெல்லாம் அது சொல்கிறது. யாரும் கேட்கவில்லை. நண்பகலில் போட்ட தரை, மறுநாள் காலையில் சிலந்தி வலை பின்னியது போல் வெடித்திருந்தது. ஒப்பந்தக்காரர் கட்டைப் பிரித்துக் காட்டி, "இதில் எங்கே சார் சொல்லியிருக்கிறது?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை.

ஊரார் கதை சொல்லிவிட்டு என் கதையை மறைத்தால் நியாயமில்லை. உவரியில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு. பாளையங்கோட்டையில் முடித்த வீட்டின் விவரக்குறிப்பை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். எம்-20 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட், கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடல். பாளையங்கோட்டையில், மழை வெயில் படாத உள்பகுதிக்கு அது போதும். கடற்காற்றில் நேரடியாக நிற்கும் கான்கிரீட்டை, கான்கிரீட் வேலைக்கான தர நூலான ஐ.எஸ். 456 'கடுமையான' சூழல் என்ற வகையில் வைக்கிறது. அங்கே குறைந்தது எம்-30, மூடல் 45 மில்லிமீட்டர். போதாததற்குக் கலவைக்கு எடுத்தது அந்த மனையின் கிணற்றுத் தண்ணீர். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்ற வரியும் அதே நூலில்தான் இருக்கிறது. நான் சோதிக்கச் சொல்லவே இல்லை. ஏழாவது வருடம் ஜன்னல் மேலிருந்த சன்ஷேடின் அடிப்பகுதி பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறி ஊதியிருந்தது. வீட்டுக்காரர் துபாயில் பதினைந்து வருடம் உழைத்த காசு அந்த வீடு. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

சரி, எதைத்தான் எடுப்பது? என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மத்திய பொதுப்பணித் துறையின் 2019 விவரக்குறிப்பு, இரண்டு தொகுதி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம் என்பதற்காக நான் அதைச் சொல்லவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் பொருள் என்ன, செய்முறை என்ன என்பதோடு நிற்காமல், எப்படி அளப்பது, விலையில் எதெல்லாம் அடங்கும் என்று முடிக்கிறது. நம் ஊரில் கட்டட வேலையின் சண்டை தொண்ணூறு சதவீதம் அளவெடுக்கும் நாளில்தான் வருகிறது. ஜன்னல் ஓட்டைக்குப் பூச்சில் கழிக்க வேண்டுமா என்று ஒரு நாள் முழுக்கக் கத்தியவர்களை எனக்குத் தெரியும். அளவெடுப்பு விதி தெளிவாக இருக்கிறது: அரைச் சதுர மீட்டர் வரையுள்ள திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிவு. திறப்பின் உள்ஓரங்களில் பூசுவதைத் தனியாகக் கூட்டவும் கூடாது. இரண்டு வரி. ஒரு நாள் கத்தல் மிச்சம்.

மாநில அரசு வேலை என்றால் பேச்சே இல்லை, 'தமிழ்நாடு பில்டிங் பிராக்டிஸ்' என்ற டி.என்.பி.பி. தொகுப்புதான். பழைய ஆட்கள் வாயில் இன்னும் எம்.டி.எஸ்.எஸ். என்றே வரும், சென்னை மாகாண காலத்துப் பெயர். மொழி பழசு, சில பகுதிகளைப் படித்தால் தூக்கம் வரும். ஆனால் நம் மண்ணின் வேலை அதில் இருக்கிறது. தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில், செங்கல் ஜல்லியைச் சுண்ணாம்பில் கலந்து தட்டி, மேலே தட்டோடு பதிக்கும் வேலையைத் தமிழ்நாட்டு முறைப்படி எழுத வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டும். மணல் சேர்க்காமல், 32 பங்கு ஜல்லிக்கு 12.5 பங்கு சுண்ணாம்பு. கல்லிடைக்குறிச்சியில் ஒரு பழைய வீட்டைப் பழுதுபார்த்தபோது, மத்திய துறையின் டில்லித் தொகுப்பை மட்டும் நம்பியிருந்தால் மேல்தளத்துக்கு வேறு ஏதோ செய்து வைத்திருப்பேன். அந்த வீட்டின் பட்டாசல் கூடத்தில் மே மாதம் மதியம் மின்விசிறி இல்லாமல் உட்கார முடிந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அமெரிக்க மாஸ்டர்ஸ்பெக், இங்கிலாந்தின் என்.பி.எஸ்., ஆஸ்திரேலியாவின் நாட்ஸ்பெக் என்ற மாஸ்டர் தொகுப்புகளெல்லாம் நல்ல சரக்குதான். ஆண்டுச் சந்தா கட்டி வாங்கும் அளவுக்கு நமக்கு வேலை இல்லை. அமெரிக்க ராணுவக் கட்டடங்களுக்கான யு.எஃப்.ஜி.எஸ். இலவசம், ஆர்வமுள்ளவர்கள் புரட்டிப் பார்க்கலாம். அவர்களிடம் நான் கடன் வாங்கிக்கொண்டது ஒன்றுதான். ஒவ்வொரு பிரிவையும் பொது, பொருட்கள், செயல்முறை என்று மூன்றாகப் பிரித்து எழுதுவது. இதனால் பொருளைப் பற்றிய வரி செய்முறைக்குள் ஒளிந்துகொள்வதில்லை. விவரக்குறிப்பைப் பிரிவு பிரிவாக அடுக்கும் அவர்களுடைய மாஸ்டர்ஃபார்மேட் வரிசை 2004இல் 16 பிரிவிலிருந்து 50 பிரிவாகப் பெருத்ததும் தெரியும். பணகுடியில் இரண்டு மாடி வீடு கட்டுகிறவருக்கு 50 பிரிவு எதற்கு?

பலருக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. எல்லாத் தொகுப்பையும் சரியாக எடுத்துவிட்டு, எந்த வேலை எவ்வளவு என்று எழுதும் அளவுப் பட்டியலில் கோட்டை விடுவார்கள். மத்திய பொதுப்பணித் துறை ஒப்பந்த விதிப்படி ஆவணங்களுக்குள் முரண் வந்தால், முதலில் செல்லுபடியாவது அளவுப் பட்டியலின் வாசகம். அடுத்தது அந்த வேலைக்கென்று எழுதிய தனி விவரக்குறிப்பும் சிறப்பு நிபந்தனைகளும். பிறகு வரைபடம். நான்காவது இடத்தில்தான் பொது விவரக்குறிப்பு. அதற்கும் பின்னால் ஐ.எஸ். நூல்கள். ஆயிரம் பக்கத் தொகுப்பை மேற்கோள் காட்டிவிட்டு, பட்டியலில் அவசரத்தில் "1:6 பூச்சு" (ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்) என்று அடித்துவிட்டால், கழிவறைச் சுவருக்கும் 1:6தான். உவரி வீட்டுக்கு 45 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் அதை இரண்டாவது இடத்திலாவது எழுதியிருக்க வேண்டும். "ஐ.எஸ். 456 பொருந்தும்" என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போட்டுவிட்டு உறங்கினவன் நான்.

ஆகவே அந்தத் தம்பிக்கு என் கோப்பை அனுப்பவில்லை. மத்திய பொதுப்பணித் துறையின் இரண்டு தொகுதியையும் இறக்கிக்கொள், முதலில் உன் மண்டபத்துக்கு வேண்டாத பிரிவுகளை அழி, பிறகு மிச்சமிருப்பதில் ஒவ்வொரு பத்தியையும் மனையில் யார், எதை வைத்துச் சோதிப்பார் என்று ஓரத்தில் எழுது, பதில் கிடைக்காத பத்தியைத் திருத்து அல்லது தூக்கு என்றேன். மூன்று நாள் கழித்து அழைத்தான். குரலில் களைப்பு. "அழிக்கத்தான் அண்ணாச்சி நேரம் ஆகிறது" என்றான். பிறகு, "இவ்வளவு செய்து என்ன, மேஸ்திரி இதைப் படிக்கவா போகிறார்?" என்று கேட்டான்.

அது நல்ல கேள்வி. ஆங்கிலத்தில் இருப்பதை அவர் படிக்க மாட்டார். நான் சில வருடங்களாக மனைக்கு வேண்டிய எண்களை மட்டும் தமிழில் இரண்டு பக்கமாக எழுதி சிமெண்ட் கொட்டகைக் கதவில் ஒட்டுகிறேன். கலவை, மூடல், தண்ணீர் விடும் நாட்கள், சென்ட்ரிங் பிரிக்கும் நாட்கள், அவ்வளவுதான். மேலப்பாளையத்தில் ஒரு வீட்டுக்கு அப்படி ஒட்டியபோது, மேல்தளத்து முட்டு எடுக்க 7 நாள் என்று எழுதியிருந்தேன். அடுத்த முறை போனபோது 7ஐப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 14 என்று எழுதியிருந்தது. மேஸ்திரியைக் கேட்டேன். "ஹால் அகலம் பதினாறு அடி சார். நாலரை மீட்டருக்கு மேலே போனால் பதினாலு நாள். அரசாங்க வேலையில் அப்படித்தான் நிற்க வைப்பார்கள்" என்றார். ஐ.எஸ். 456ஐ எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னபடியே இருந்தது.