உங்கள் சுவரில் மாட்டிய விளக்கு என் வானத்தில் ஏன் எரிகிறது?

என் வீட்டுக்குப் பின்வீட்டில் இருக்கும் அங்கிள் தம் சுவரில் வெள்ளை எல்இடி ஃப்ளட்லைட் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார். அதன் ஒளி அவருடைய கொல்லைப்புறத்தில் விழுந்தால் அதைப் பற்றிப் பேச எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்த விளக்கு முகத்தை நிமிர்த்திக்கொண்டு, அவருடைய செடிகொடிகளைக் கடந்து, மதிலைக் கடந்து, நான் தொலைநோக்கி வைக்கும் இடத்தில் வந்து நேராக விழுகிறது. இருட்டியதும் எரியத் தொடங்கினால் விடியும்வரை அணைவதில்லை.

"அங்கிள், விளக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்துவிட முடியுமா? நிலாவைப் பார்க்கும்போது கண் கூசுகிறது" என்று பணிவாகத்தான் கேட்டேன். "நிலா என்ன மின்மினியா தம்பி? அதுவே பெரிய விளக்கு. அதைப் பார்க்க உனக்கு எதற்கு இருட்டு?" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதுதான் என் ஆத்திரத்துக்குக் காரணம். நிலவையும் கோள்களையும் பார்க்க இருட்டைத் தேடி டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போக வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் டர்பன் நகரத்தின் ஒளிமூட்டம் பால்வீதியை எங்களிடமிருந்து எப்போதோ பறித்துவிட்டது, நாங்களும் அதை ஏற்றுக்கொண்டுவிட்டோம். அந்த மூட்டத்தையும் மீறி ஒளிர்பவை நிலவும் வியாழனும் சனியும் வெள்ளியும் செவ்வாயும்தான். நகரத்தில் குடியிருப்பவனுக்கு மிஞ்சியிருக்கும் வானமே அவ்வளவுதான். அதையும் ஒற்றை விளக்கால் கெடுக்க முடியும் என்பது அங்கிளுக்குப் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள விருப்பமில்லை.

வானம் மங்கலாக வெளுத்திருப்பது ஒரு தொல்லை என்றால், கண்ணுக்கு நேரே விளக்கு எரிவது முற்றிலும் வேறு தொல்லை. அந்த ஒளி பட்டதும் கண்மணி சுருங்கிவிடுகிறது. குழாயின் வாய்க்குள் பக்கவாட்டில் புகும் வெளிச்சம் உட்சுவரில் பட்டுச் சிதறி, காட்சி முழுவதிலும் சாம்பல் பூசியதுபோல் படிந்துவிடுகிறது. வியாழன் அப்போதும் தெரியத்தான் செய்கிறது. ஆனால் அதன் குறுக்கே ஓடும் பழுப்புப் பட்டைகள் மிக மெல்லிய நிற வேறுபாட்டால் மட்டுமே தெரிபவை என்பதால் அவைதான் முதலில் காணாமற்போகின்றன. எஞ்சுவது ஒரு வெள்ளைப் பொட்டு. அதைப் பார்ப்பதற்கா ஆறு அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கியை வெளியே தூக்கி வந்து, அதன் ஆடி குளிரட்டும் என்று அரை மணி நேரம் காத்திருக்கிறேன்?

"வேறு பக்கம் திரும்பிப் பாரேன்" என்று அறிவுரை சொல்பவர்களுக்கு ஒரு செய்தி. நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஏறத்தாழ 30 பாகையில் இருக்கிறோம். நிலவும் கோள்களும் நமக்குக் கிழக்கே எழுந்து, வடக்கு வானத்தின் வழியாகப் போய், மேற்கே இறங்குகின்றன. அந்த விளக்கும் எனக்கு வடக்கேதான் இருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் இந்தியர்களுக்கென்று குன்றுச் சரிவுகளில் நெருக்கிக் கட்டிக் கொடுத்த வீடுகள் ஒன்றன் தலைக்கு மேல் இன்னொன்றாக நிற்பதால், மேல்வீட்டு விளக்கை என் மதிலாலும் மறைக்க முடியாது. கருப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்க்கிறேன். தெருவில் போகிறவர்கள் ஏதோ மாந்திரீகம் நடப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நான் இழப்பது என்னவென்று சொன்னால்தான் என் கோபம் புரியும். கோடைக்காலத்தில் மாலை நேரத்து இடிமேகங்கள் வானத்தைப் பாதி நாள் மூடிவிடுகின்றன. எங்களுக்கு வாய்க்கும் நல்ல வானம் வறண்ட குளிர்காலத்து வானம்தான். ஜூன் மாதத்தில் ஐந்து மணி அளவிலேயே சூரியன் மறைந்துவிடுவதால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே வளர்பிறையைப் பார்த்துவிடலாம். முழுநிலவு, காவடிக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், தொலைநோக்கியில் நிழலே இல்லாமல் தட்டையாகத் தெரியும். பார்க்க வேண்டியது அரைநிலவை. வெளிச்சமும் இருளும் சந்திக்கும் அந்த எல்லையில், ஒரு பெரும்பள்ளத்தின் அடித்தளம் இன்னும் இருட்டில் கிடக்க, அதன் நடுவிலுள்ள மலையுச்சி மட்டும் வெயிலைப் பிடித்துத் தனிப்புள்ளியாக ஒளிரும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் நிழல் நகர்ந்திருக்கும். வடகோளத்தில் அச்சிட்ட நிலவுப்படங்களை நாங்கள் தலைகீழாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோ பள்ளம் இருக்கும் பக்கம் எங்களுக்கு வெறுங்கண்ணில் மேலே தெரியும். 1610-இல் கலிலியோ கண்டுபிடித்த வியாழனின் நான்கு நிலவுகளும் இரவுக்கிரவு வரிசை மாறி நிற்பதை என் அக்காள் மகள் கணக்கு நோட்டில் வரைந்து வந்தாள். விளக்கு வந்த பிறகு அவள், "கண் வலிக்கிறது மாமா" என்று எழுந்து போய்விடுகிறாள். இதற்கு எந்தக் கடையில் நஷ்டஈடு வாங்குவது?

திருட்டுப் பயம் எனக்கும் உண்டு. என் வீட்டிலும் கம்பிக் கதவும் நாயும் இருக்கின்றன. விளக்கை அணைக்கச் சொல்லி நான் எப்போதும் கேட்டதில்லை, தரையை நோக்கித் திருப்பச் சொல்லித்தான் கேட்கிறேன். கண்ணைக் கூச வைக்கும் விளக்குக்குப் பின்னால் ஒருவன் நின்றால் அவனை யாராலும் பார்க்க முடியாது. அங்கிளின் மதிலோரம் இப்போது நிற்கும் நிழலில் ஒரு குடும்பமே ஒளிந்துகொள்ளலாம். ஒளியைக் கீழே இறக்கினால் அவருடைய முற்றம்தான் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆள் நடமாட்டம் கண்டால் மட்டும் எரியும் சென்சார் விளக்குகளும் எல்லா ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதே அங்கிள் சனிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போய் நவக்கிரகம் சுற்றி, சனிபகவானுக்கு எள் விளக்கு ஏற்றிவிட்டு வருகிறார். அந்தச் சனி வளையத்தோடு வானத்தில் நிற்கும்போது அவருடைய விளக்கே அதை மறைக்கிறது! 2025 மார்ச் 23 அன்று பூமி அந்த வளையத்தின் தளத்தைக் கடந்தது. அந்த நாட்களில் கோடாக ஒடுங்கிப்போயிருந்த வளையம் இப்போது ஆண்டுக்காண்டு விரிந்துகொண்டிருக்கிறது. இதைக் காட்டலாம் என்று அவரை அழைத்தால், "சனியைப் போய் நேருக்கு நேர் பார்ப்பார்களா?" என்கிறார்.

நம் நாட்டில் இருட்டைக் காக்கச் சட்டமே இருக்கிறது. 2007-இல் இயற்றிய வானியல் பாதுகாப்புச் சட்டம் வட கேப் மாகாணத்து வானத்தைக் காக்கிறது. அங்கே சதர்லாந்தில் 91 ஆடித் துண்டுகள் பொருத்திய பெருந்தொலைநோக்கிக்கு இருட்டு வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கொல்லைப்புறத்தில் ஒற்றை ஆடி வைத்திருப்பவனின் முறையீட்டை எந்த மேசையில் கொடுப்பது? தொலைபேசியில் கேட்டால் ஒரு அலுவலகம் இன்னொரு அலுவலகத்தைக் கைகாட்டுகிறது.

2023-இல் லோட்-ஷெடிங் என்னும் சுழற்சி மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ஊரெல்லாம் சபித்தது. நானும் சபித்தேன், ஆனால் மின்சாரம் போன கையோடு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த இரண்டு மணி நேரச் சுகத்தையும் அங்கிள் விட்டுவைக்கவில்லை. மின்வெட்டிலும் எரிய வேண்டும் என்று விளக்குக்கு பேட்டரி இணைத்துவிட்டார்.

விளக்கைத் தாங்கும் சட்டத்தில் இரண்டே திருகாணிகள்தான் இருக்கின்றன. ஏணி என்னுடையது, ஸ்பேனர் என்னுடையது, சென்சார் விளக்குக்கான பணமும் நானே தருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. "பார்க்கலாம் தம்பி" என்றார். போன வாரம் அவர் வீட்டில் சுவரைத் துளையிடும் சத்தம் கேட்டது. ஆசையோடு எட்டிப் பார்த்தேன். இரண்டாவது ஃப்ளட்லைட்டை மாட்டிக்கொண்டிருந்தார், அதே சுவரில், அதே திசையைப் பார்த்து.