அந்தத் தேர்வுப்பெட்டியைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும்

மைக்ரோசாஃப்டின் தானியங்கிப் பணிக் கருவியான பவர் ஆட்டோமேட் வழியே சுற்றிப் போகாமல், செயலி உருவாக்கும் கருவியான பவர் ஆப்ஸிலிருந்தே எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளத்தின் ஸ்டோர்டு புரொசீஜர்களை (தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்புகளை) அழைக்கும் முறையை உங்கள் கட்டுரை தெளிவாக விளக்கியிருக்கிறது. ஆனால், ஒரு புரொசீஜர் கேலரிகளிலும் (செயலியின் திரையில் பட்டியல் காட்டும் பகுதிகள்) திரை அட்டவணைகளிலும் பயன்படுத்தப் பாதுகாப்பானது என்று குறிக்கும் தேர்வுப்பெட்டியை ஒரே வரியில் கடந்துவிட்டது சரியல்ல. அதைக் குறித்துவிட்டால் புரொசீஜரைக் கேலரி எதைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் ஐட்டம்ஸ் பண்பிலேயே எழுதலாம். அதன்பின் அது எப்போது, எத்தனை முறை ஓடும் என்பது நம் கையில் இல்லை. தரவை வாசிக்க மட்டும் செய்யும் புரொசீஜருக்கு இதனால் கேடில்லை. சரக்கிருப்பைக் கழிக்கும் புரொசீஜராக இருந்தாலோ, யாரும் எதையும் விற்காமலேயே இருப்பு குறைந்துகொண்டு போகக்கூடும். தரவை மாற்றும் அழைப்புகள் பொத்தானை அழுத்தும்போது மட்டும் ஓடும் ஆன்செலக்ட் போன்ற இடங்களில்தான் இருக்க வேண்டும்.

புரொசீஜரும் தரவுத்தள அட்டவணையும் ஒரே உரிமையாளருடையவையாக இருந்தால், பயனருக்குப் புரொசீஜரை இயக்கும் எக்ஸிக்யூட் அனுமதி மட்டும் கொடுத்து அட்டவணையை மூடியே வைக்கலாம் என்பதுதான், என் பார்வையில், இம்முறையின் பெரிய பலன் (உள்ளே, ஓடும்போதே கட்டமைக்கப்படும் டைனமிக் எஸ்க்யூஎல் இருந்தால் இது பொருந்தாது). அப்போது தரவைக் காக்கும் பொறுப்பு புரொசீஜரிடம்தான் இருக்கும். எனவே, கட்டுரையின் மாதிரியில் உள்ளதுபோல் பயனரின் மின்னஞ்சலைச் செயலியிலிருந்து பாராமீட்டராக (உள்ளீட்டு மதிப்பாக) அனுப்பி, அதை நம்பி அட்டவணையின் வரிசைகளை வடிகட்டுவதைத் தயவுசெய்து மாற்றுங்கள். அந்த மதிப்பை வேறொருவர் பெயரில் அனுப்ப முடியும். மைக்ரோசாஃப்டின் அடையாளச் சேவையான என்ட்ரா ஐடி வழியாக இணைந்தவர் யார் என்பதைப் புரொசீஜருக்குள்ளேயே கண்டறிய வேண்டும்.