தோற்றால் யாரைக் கலைப்பது?

ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவர்கள் கூடிப் பேசும்போது பூர்வகுடிகளைப் பற்றிப் பேச்சு வந்தால், கொஞ்ச நேரத்தில் இந்தக் கேள்வியும் வந்துவிடும்: "அரசாங்கம் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறதே, அப்புறம் ஏன் இவர்கள் இப்படியே இருக்கிறார்கள்?" நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்லப் பூர்வகுடிகளுக்கு ஒரு மன்றம் வேண்டுமா என்று கேட்ட 2023 வாக்கெடுப்புச் சமயத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் இதையே விதவிதமாகக் கேட்டார்கள். கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அந்தப் பணத்தை எதற்கு, எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால், மொத்த விவகாரமும் அங்கேதான் இருக்கிறது.

கின்டோர் என்று ஓர் ஊர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து மேற்கே 500 கிலோமீட்டருக்கு மேல் பாலைவனத்தில் போக வேண்டும். பின்டுபி என்ற பூர்வகுடி மக்களின் ஊர். 1990களில் அங்கே யாருக்காவது சிறுநீரகம் பழுதானால் ஒரே வழிதான்: ஊரை விட்டு ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்வது. வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் இயந்திரத்தோடு கிடக்க வேண்டும். எனவே போனால் போனதுதான். சடங்கு, சாவு எதற்கும் திரும்பி வர முடியாது. இத்தனைக்கும் போனவர்கள் பெரும்பாலும் ஊரின் பெரியவர்கள், எந்த மலை யாருடையது, எந்தக் கதையை யார் சொல்லலாம் என்று தெரிந்தவர்கள். அவர்கள் நகரத்தில் தனியாகக் கிடக்க, ஊரில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் இல்லாமல் போனது. இயந்திரத்தை ஊருக்கே கொண்டுவாருங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு தூரத்தில் கட்டுப்படியாகாது என்பதுதான் பதில்.

அவர்கள் ஓவியர்கள். 1972இல் தொடங்கிய பாபுன்யா டூலா என்ற ஓவிய நிறுவனமே அந்த மக்களுடையதுதான். கின்டோர் ஆண்கள் சேர்ந்து ஒன்று, பெண்கள் ஒன்று, மேற்கு ஆஸ்திரேலியா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிவிர்குரா ஊர் ஆண்கள் ஒன்று, பெண்கள் ஒன்று என்று நான்கு பெரிய ஓவியங்களை வரைந்தார்கள். 2000ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் ஏலம் விட்டார்கள். மொத்தம் 10 லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 2004இல் கின்டோரில் டயாலிசிஸ் ஆரம்பமானது. 'முடியாது' என்று சொன்ன அரசாங்கம் அப்போதும் அங்கேயேதான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த டயாலிசிஸை நடத்தும் அமைப்பை இப்போது பர்ப்பிள் ஹவுஸ் என்று அழைக்கிறார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் அவர்களுடைய இடம் ஆஸ்பத்திரி போல இருக்காது, வீடு போல இருக்கும். வெளியே நெருப்பு மூட்டிக் கங்காரு வால் சுடுவார்கள், காட்டு மூலிகையில் தைலம் காய்ச்சுவார்கள். ஊர் ஊராகப் போக, உள்ளே டயாலிசிஸ் நாற்காலிகள் வைத்த ஒரு ஊதா நிற லாரியும் உண்டு. தலைமை பூர்வகுடி இயக்குநர்களிடம். 2018இல்தான் தொலைதூர ஊர்களில் செய்யும் டயாலிசிஸுக்கு அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் கொடுக்க ஆரம்பித்தது. ஏலம் நடந்து பதினெட்டு வருஷம் கழித்து! அரசாங்கம் அவர்களுக்கு வழிகாட்டவில்லை, அவர்கள் போட்ட பாதையில் பின்னால் நடந்து வந்தது.

சரி, இது ஒரு நல்ல கதை. எல்லாப் பூர்வகுடி அமைப்பும் இப்படியா என்று கேட்டால், இல்லை. அதையும் பேசிவிடுவோம்.

1990இல் பூர்வகுடிகளுக்கும் டாரஸ் நீரிணைத் தீவினருக்கும் ஓர் ஆணையம் வந்தது. ஆட்ஸிக் என்பார்கள். வட்டார மன்றங்களுக்கு அவர்களே ஓட்டுப் போட்டுப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். முதல் தலைவர் லோவிட்ஜா ஓடோனஹ்யூ, குழந்தையிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு மிஷன் இல்லத்தில் வளர்ந்த பெண்மணி. பிற்காலத்தில் ஆட்ஸிக் தலைமை மீது கடுமையான குற்றச்சாட்டுகள் வந்தன, உட்பூசல் இருந்தது, பெண்களுக்குப் போதிய இடம் இல்லை. எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நாட்டில் பூர்வகுடிகளின் ஆரோக்கியம் மோசமாக இருந்ததற்கும் அதையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். சுகாதாரப் பொறுப்பை 1995இலேயே அதனிடமிருந்து பிடுங்கிச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தாகிவிட்டது! 2003இல் அறிக்கை தந்த ஆய்வுக்குழு, கலைக்காதீர்கள், வட்டார அளவில் பலப்படுத்துங்கள் என்றுதான் சொன்னது. 2004இல் பிரதமர் ஹோவர்டின் அரசு கலைக்கப்போவதாக அறிவித்தது. எதிர்க்கட்சியான லேபரும் அதற்கு முன்பே அதே முடிவுக்கு வந்திருந்தது. 2005இல் கதை முடிந்தது. அதற்குப் பதிலாக அரசாங்கமே ஆள் பார்த்து நியமித்த ஓர் ஆலோசனைக் குழு வந்தது.

எனக்குப் புரியாத கணக்கு இதுதான். குழந்தைகளைத் தாயிடமிருந்து பறித்த துறைகள், பல தலைமுறைகளாகக் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்ட துறைகள், இவற்றில் எதையாவது 'தோற்றுவிட்டீர்கள், இனி உங்களுக்கு அதிகாரம் கிடையாது' என்று கலைத்திருக்கிறார்களா? அமைச்சர் மாறுவார், பெயர்ப்பலகை மாறும், அதிகாரம் அதே கட்டடத்தில் இருக்கும். பூர்வகுடி அமைப்பு ஒன்று சறுக்கினால் மட்டும் அந்த மக்களுக்கே தலைமை தாங்கத் தெரியாது என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள்.

அமைப்பைக் கலைத்தபின் என்ன நடந்தது? 2007 ஜூனில் வடக்குப் பிரதேசத்தில் குழந்தைகள் மீதான பாலியல் கொடுமைகள் பற்றி ஓர் அறிக்கை வெளியானது. ரெக்ஸ் வைல்டும் பாட் ஆண்டர்சனும் எழுதியது. பாட் ஆண்டர்சன், அலியவார் இனப் பெண்மணி, பூர்வகுடிகளின் சுகாதாரத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்தவர். கொடுமை நிஜம், அதை அவர்கள் மூடி மறைக்கவில்லை. 97 பரிந்துரைகள் தந்தார்கள். முதல் பரிந்துரையிலேயே, திட்டங்களை வகுக்கும்போது அந்தச் சமூகங்களோடு உண்மையாகக் கலந்து பேசுங்கள் என்று இருந்தது. அறிக்கை வெளியாகி ஒரு வாரத்துக்குள், யாரோடும் பேசாமல், ஹோவர்ட் அரசு அவசரநிலை அறிவித்தது. ராணுவத்தினர் வந்தார்கள். இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1975ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்திவைக்கப்பட்டது. 73 ஊர்கள் பட்டியலில் சேர்ந்தன. உதவித்தொகையில் பாதியைக் கையில் தராமல், குறிப்பிட்ட கடைகளில் மட்டும் தேய்க்கக்கூடிய ஓர் அட்டையில் போட்டார்கள். குடிக்காத பாட்டிக்கும் அதே அட்டைதான். ஊர் எல்லையில், மதுவும் ஆபாசப் படமும் இங்கே தடை என்று பெரிய பலகைகள் வைத்தார்கள். அந்தப் பலகையைத் தாண்டித் தினமும் வீட்டுக்குப் போகும் ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். ஊரில் ஒருவன் செய்த குற்றத்துக்கு அத்தனை ஆண்களின் நெற்றியிலும் பட்டம் எழுதி ஒட்டியாயிற்று.

அந்த 73 ஊர்களில் டகுராகுவும் ஒன்று. 1966இல் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் சுமார் 200 குரிஞ்சி இன மாட்டுப்பண்ணைத் தொழிலாளர்களும் குடும்பத்தாரும் வேவ் ஹில் பண்ணையை விட்டு வெளியேறி வந்து உட்கார்ந்த இடம் அது. கூலிக்கான வேலைநிறுத்தம் என்று வெளியே நினைத்தார்கள், அவர்கள் கேட்டது நிலம். 1975இல் பிரதமர் விட்லம் லிங்கியாரியின் கையில் மண்ணை அள்ளிப் போடும் படத்தை எல்லோரும் பகிர்கிறோம். அன்றைக்கு அவர் கொடுத்தது குத்தகைப் பத்திரம் என்பதையும், முழு உரிமைப் பட்டா கிடைக்க 1986 வரை ஆனது என்பதையும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. அப்படிப் போராடி வாங்கிய ஊரையே 2007 சட்டம் ஐந்து ஆண்டுக் கட்டாயக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டது.

பாட் ஆண்டர்சன் அத்தோடு ஓயவில்லை. பத்து வருஷம் கழித்து, அரசியல் சாசனத்தில் பூர்வகுடிகளுக்கு இடம் தருவது பற்றி ஆராய்ந்த வாக்கெடுப்புக் குழுவின் இணைத்தலைவராக, நாடு முழுக்கப் பூர்வகுடிகளோடு 12 வட்டாரக் கூட்டங்கள் நடத்தும் பொறுப்பில் இருந்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 2017 மே மாதத்து உலுரு அறிக்கை. அது கேட்டது, நாடாளுமன்றத்துக்கு யோசனை சொல்ல 'குரல்' என்று ஒரு மன்றம், அரசியல் சாசனத்தில் அதற்கு ஓர் இடம். ரத்து அதிகாரம் இல்லை, நிதி அதிகாரம் இல்லை. ஏன் சாசனத்தில்? ஆட்ஸிக்கைப் போலச் சாதாரணச் சட்டத்தில் இருந்தால் அடுத்த அரசு கலைத்துவிடும் என்று அனுபவத்தில் தெரிந்ததால். 2023 அக்டோபர் 14 அன்று நாட்டில் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களும் வேண்டாம் என்றன.

"பூர்வகுடிகளே அதை விரும்பவில்லையே" என்று நம்மவர்கள் சொன்னதையும் கேட்டேன். எதிர்த்த பூர்வகுடித் தலைவர்கள் இருந்தார்கள், உண்மைதான். முதலில் அரசு எங்களோடு ஒப்பந்தம் போடட்டும், வெறும் ஆலோசனை போதாது என்று எதிர்த்தவர்களும் அதில் உண்டு. ஆனால் டிவி தீவுகள், வடேய் போன்ற வடக்குத் தொலைதூர ஊர்களின் வாக்குச்சாவடிகளில் 'ஆம்' பெரிய வித்தியாசத்தில் முந்தியது. ஒரே குரலில் பேசினால்தான் கேட்போம் என்ற நிபந்தனையை வேறு எந்தச் சமூகத்துக்காவது போடுகிறோமா? தமிழர் சங்கத் தேர்தலைப் பார்த்துவிட்டும் இதைக் கேட்கிறோமே.

2020இல் கோவிட் வந்தபோது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பூர்வகுடிகளின் நிலங்களைக் கவனிக்கும் நில மன்றங்கள் மார்ச்சிலேயே ஊர்களுக்குள் வர அனுமதி கொடுப்பதை நிறுத்தின. மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்கள் அவரவர் மொழியில் செய்தி போட்டன. அந்த வருஷம் முழுக்க வடக்குப் பிரதேசத்தின் தொலைதூரப் பூர்வகுடி ஊர்களுக்குள் தொற்று பரவவில்லை. அதே ஆண்டில் அரசுகள் பூர்வகுடி அமைப்புகளோடு கையெழுத்திட்ட தேசிய ஒப்பந்தம், அதிகாரத்தைப் பகிர்வோம் என்றது. அரசின் ஆய்வு அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையம் 2024இல் அதைச் சரிபார்த்துவிட்டு, அரசுகள் பெரும்பாலும் பழைய பாணியிலேயே நடக்கின்றன என்று எழுதியது.

இப்போது நான் இருக்கும் விக்டோரியாவில் அரசும் பூர்வகுடிகளும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்துக்கான மாநில அளவிலான சட்டம் 2025இல் நிறைவேறியிருக்கிறது. பூர்வகுடிகளே தேர்ந்தெடுக்கும் மன்றத்துக்கு அதில் நிரந்தர இடம் கிடைக்கிறது. நிரந்தரம் என்றாலும் இது மாநிலச் சட்டம்தான், எடுத்துவிட முடியும். குயின்ஸ்லாந்தில் ஒப்பந்தப் பாதைக்கான சட்டத்தை 2024இல் புதிய அரசு வந்ததும் தூக்கி எறிந்தார்கள். இங்கேயும் ஆட்சிக்கு வந்தால் ரத்துச் செய்வோம் என்று எதிர்க்கட்சிக் கூட்டணி சொல்லியிருக்கிறது. தேர்தல் 2026 நவம்பரில். அதற்குள் அந்த மன்றம் ஏதாவது ஒரு தப்புச் செய்யும், எந்த அமைப்புதான் செய்யவில்லை? பத்திரிகைகள் முதல் பக்கத்தில் போடும், வாட்ஸ்அப் குழுக்களில் "பார்த்தீர்களா" என்று சுற்றும். அதை எனக்கு அனுப்புகிறவர்கள் மேலே இருக்கும் ஆட்ஸிக் பத்தியை ஒரு தடவை படித்துவிட்டு அனுப்புங்கள்.