அதிர்வெண் மட்டும் போதாது
"ஒளியின் ஆற்றலை அதிர்வெண் மட்டுமே தீர்மானிக்கிறது, வீச்சுக்குப் பங்கே இல்லை" என்று சொல்வது பாதி உண்மை. (அதிர்வெண் என்பது ஒளி அலை நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது; வீச்சு என்பது அந்த அலையின் உயரம்.) தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளைக் குழப்பிவிடும். பிளாங்க் மாறிலி என்ற மாறாத எண்ணை அதிர்வெண்ணால் பெருக்கினால் கிடைப்பது ஒரேயொரு ஃபோட்டானின், அதாவது ஒளியின் ஒரு சிறு பொட்டலத்தின், ஆற்றல். ஒளிக்கற்றை முழுவதும் சுமக்கும் ஆற்றலோ வீச்சின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும்: அதே நிறத்தில் வீச்சு இரட்டித்தால் நொடிக்கு வந்து விழும் ஃபோட்டான்கள் நான்கு மடங்காகும். 5 மில்லிவாட் சிவப்பு லேசர், 1 மில்லிவாட் நீல லேசரைவிட ஐந்து மடங்கு ஆற்றலை நொடிதோறும் கொட்டுகிறது.

அதிர்வெண்ணின் ஆட்சி வேறிடத்தில். துத்தநாகத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பெயர்க்க ஏறத்தாழ 4.3 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலை அளக்கும் அலகு) வேண்டும். 650 நானோமீட்டர் சிவப்பு ஃபோட்டானிடம் இருப்பது 1.9 தான். சிவப்பு விளக்கின் வெளிச்சத்தை எவ்வளவு கூட்டினாலும் பெயராது. போதிய அளவு அதிர்வெண் உயர்ந்த புறஊதா ஒளியோ மங்கலாக இருந்தாலும் பெயர்த்துவிடும். 1905-இல் ஐன்ஸ்டைன் விளக்கியது இதைத்தான்.