கரடிக்கு ஒரு நியாயம், எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம்

என் தங்கச்சியின் மகள், பெறாமகள், தன்னைக் காப்பாற்ற ஓடர் பண்ணின ஸ்டன் கன் (மின்சார அதிர்ச்சி கொடுக்கிற சின்னக் கைக்கருவி) பார்சலைப் பறிமுதல் செய்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். அதிகாரி ஒருவர் வந்து பாதுகாப்பைப் பற்றிக் கதைத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததும் தெரியும். இரண்டையும் விவரமாகத் திரும்ப எழுத எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் போன பதிவுக்குக் கீழே வந்து விழுந்த கருத்துகளை வாசித்த பிறகு பேசாமல் இருக்கவும் முடியவில்லை. "ஸ்டன் கன் வாங்கினது அவவின்ர பிழைதானே", "சட்டம் தெரியாமல் ஏன் ஓடர் பண்ணினவ", "பொலிஸ் எதுக்கு இருக்குது?" இப்படி எழுதியவர்களில் சிலர் என் வீட்டில் இருந்து சாப்பிட்டவர்கள். அந்தப் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். அவள் சுகமா, இரவில் எப்படி வீட்டுக்கு வருகிறாள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சரி, சட்டத்தையே முதலில் கதைப்போம். கனடாவில் ஸ்டன் கன் தடைசெய்யப்பட்ட ஆயுதம். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பற்றரி மின்சாரத்தைப் பெருக்கி மனிதரையோ மிருகத்தையோ காயப்படுத்தக்கூடிய, அசையவிடாமல் செய்யக்கூடிய கருவி 480 மில்லிமீற்றருக்குக் குறைவான நீளம் என்றால் தடை. வாங்கியவர் யார், என்ன வேலை, எதற்கு வாங்கினார் என்பதெல்லாம் கணக்கில் இல்லை. வைத்திருந்தாலே குற்றவியல் சட்டத்தின் 91ஆம் பிரிவில் 5 வருடம் வரை சிறை. தடை என்று தெரிந்தே வைத்திருந்தால் 92ஆம் பிரிவில் 10 வருடம் வரை. தூரத்திலிருந்து மின்கம்பி எறிகிற டேசரும் தடை. மனிதருக்கு எதிராகப் பாவிக்கவென்று செய்த மிளகு ஸ்பிரேயும் தடை.

இப்போது அந்த 480 மில்லிமீற்றரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒன்றரை அடிக்குச் சற்றுக் கூட. மாடு கலைக்கிற மின்சாரத் தடி அதைவிட நீளமாக இருந்தால் இந்தத் தடைக்குள் வராது. பண்ணை வைத்திருப்பவர் அதை வாங்கலாம், பாவிக்கலாம். ஒரு பெண்ணின் கைப்பைக்குள் அடங்குகிற அளவுதான் தடை.

கரடி ஸ்பிரே? அது தாராளமாகக் கிடைக்கும். கரடிக்காகச் செய்தது, அதனால் அது ஆயுதப் பட்டியலில் இல்லை. நாய்க்கு அடிக்கிற ஸ்பிரேயும் அப்படித்தான். ரொறன்ரோ நடுவில் லிபர்ட்டி வில்லேஜ் பக்கம் கொயோட்டிகள் (ஓநாய் மாதிரிக் காட்டு மிருகங்கள்) நாய்க்குட்டிகளைக் கடித்தபோது எத்தனை செய்தி, எத்தனை கூட்டம், எவ்வளவு அக்கறை! அங்கே ஒருவர் தன் நாயைக் காப்பாற்றக் கையில் ஸ்பிரே வைத்திருந்தால் நியாயம். அதே டப்பாவை என் பெறாமகள் பைக்குள் வைத்துக்கொண்டு, "பின்னால் வருகிற மனிதனுக்கு" என்று உண்மையைச் சொன்னால், அந்த வாய்ப்பேச்சே அதை ஆயுதமாக்கிவிடும். ஏனென்றால் எந்தப் பொருளும் மனிதருக்குக் காயம் ஏற்படுத்தும் நோக்கத்தோடு வைத்திருந்தால் ஆயுதம் என்றுதான் சட்டம் சொல்கிறது. அதை மறைத்துக் கொண்டுபோனால் 90ஆம் பிரிவில் குற்றம்.

நான் சொல்வது இது ஒன்றுதான். தன்னைக் காப்பாற்ற வைத்திருக்கிறேன் என்று ஒரு பெண் சொன்ன அந்தக் காரணமே அவளைக் குற்றவாளி ஆக்குகிறது. மிருகத்திடமிருந்து என்றால் சரி. மனிதனிடமிருந்து என்றால் பிழை. அவள் பயப்படுவது மனிதனுக்குத்தானே!

ஞாயிற்றுக்கிழமை அந்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். அதை மறுக்கவில்லை. பெறாமகள் எழும்பி, "அப்ப நான் எதைக் கொண்டுபோறது?" என்று கேட்டாள். விசில், சத்தம் போடுகிற அலாரம், போனில் இருக்கும் இடத்தை வீட்டாருக்குக் காட்டுவது, வெளிச்சமான இடத்தில் நிற்பது, தனியே நடக்காமல் இருப்பது. இவ்வளவும் சொன்னார். மண்டபம் கைதட்டியது. அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். ஷிப்ட் இரவு பதினொன்றரைக்கு முடியும். பஸ் இறங்குகிற இடத்தில் ஒரு மூடின பெற்றோல் நிலையமும் ஒரு வேலியும்தான். அங்கிருந்து யாரோடு நடப்பது? கைதட்டியவர்களில் யாராவது அந்த நேரம் அங்கே நிற்பீர்களா?

இந்த ஊரில் பொதுமக்களுக்குக் கிடைக்கிற ஆலோசனைகளே இப்படித்தான் ஆகிவிட்டன. 2024இல் ரொறன்ரோவின் எற்றோபிக்கோவில் நடந்த கூட்டமொன்றில் ஒரு பொலிஸ் அதிகாரி, கார் களவெடுக்க வருபவன் வீட்டுக்குள் நுழையாமல் இருக்கக் கார்த் திறப்பை முன்கதவடியில் வையுங்கள் என்றார். 2025 செப்டம்பரில், எங்கள் சனம் நிறைய இருக்கிற யோர்க் பிராந்தியத்தின் பொலிஸ் தலைவர், வீட்டுக்குள் ஆயுதத்தோடு வந்தால் எதிர்க்காதீர்கள், ஒளிந்துகொள்ளுங்கள், 911ஐ அழையுங்கள், நல்ல சாட்சியாக இருங்கள் என்றார். சாட்சி சொல்ல உயிரோடு இருக்க வேண்டுமே. 2022 ஜூனில் கிப்ளிங் ரயில் நிலையத்தில் பஸ்ஸுக்குள் இருந்த பெண்ணுக்கு ஒருவன் தீ வைத்தான். அவர் இறந்துபோனார். அதே வருடம் டிசம்பரில் ஹை பார்க் நிலையத்தில் கத்திக்குத்து, அங்கேயும் ஒரு பெண் இறந்தார். அடுத்த மாதம் எண்பதுக்கு மேற்பட்ட பொலிஸாரைப் போக்குவரத்து நிலையங்களுக்கு அனுப்பினார்கள். அனுப்பியது நல்லது. அவர்கள் என்றைக்கும் அங்கேயே நிற்க முடியாது.

எனக்கு இந்தப் பயம் புதிதில்லை. தொண்ணூறுகளில் வந்த புதிதில் கட்டடம் கூட்டுகிற வேலைக்குப் போனேன். கடைசிப் பஸ்ஸில் வந்து இறங்கினால் என்னோடு ஒருவன் இறங்கினான். நான் ரோட்டைக் கடந்தால் அவனும் கடந்தான். யாரோ சொல்லித்தந்தபடி திறப்புகளை விரல்களுக்கு இடையில் வைக்கப் பார்த்தேன். தடித்த கையுறையோடு அது ஏலாது. ஒரு கையுறையைக் கழற்றினேன். அந்தக் குளிரில் விரல் விறைத்து, திறப்புக்கோர்வை அப்படியே வழுக்கி ஸ்னோவுக்குள் விழுந்தது. குனிந்து எடுக்கப் பயம். குனிந்தால் முதுகுப்பக்கம் அவனுக்கு. விட்டுவிட்டு ஓடினேன். கீழ் வாசலில் கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரின்டென்டன்ட் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றபடியால் தப்பினேன். அவன் ஒன்றும் நடக்காதவன் மாதிரித் திரும்பி நடந்தான். வீட்டில் சொன்னபோது கிடைத்த பதில், "பகல் ஷிப்ட் கேள்." அவ்வளவுதான். முப்பது வருடம் போன பிறகு என் தங்கச்சியின் மகளுக்கும் அதே பதில்தான்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

"பறித்து உன்மேலேயே பாவித்தால்?" பாவிக்கலாம். விசிலையும் பறிக்கலாம், போனையும் பறிக்கலாம். பறிப்பான் என்ற பயத்தில் வெறுங்கையோடு போ என்று ஆண் காவலாளிக்கு யாரும் சொல்வதில்லை.

"டேசர் அடித்து ஆள் செத்திருக்குது." ஓம், செத்திருக்கிறார்கள். 2007 ஒக்டோபரில் வன்கூவர் விமான நிலையத்தில் போலந்துக்காரர் றொபேர்ட் ஜிகான்ஸ்கி மீது பொலிஸார் ஐந்து தடவை டேசர் பாவித்து அவர் இறந்தார். பெரிய விசாரணை நடந்தது. நாடு முழுக்க அழுதது, நானும் தொலைக்காட்சியைப் பார்த்து அழுதேன். அதற்குப் பிறகு பொலிஸிடமிருந்து டேசரைப் பறித்தார்களா? இல்லை. விதிகளை இறுக்கினார்கள், பயிற்சியைக் கூட்டினார்கள். 2013இல் ஒன்ராறியோ மாகாணம் முன்களப் பொலிஸார் எல்லோரும் அதை வைத்திருக்கலாம் என்று அனுமதியை விரித்தது. ஆபத்தான கருவியைப் பயிற்சியோடு கொடுக்கலாம் என்று அரசாங்கத்துக்குத் தெரியும். எங்களுக்கு மட்டும் அந்தப் பயிற்சி தரக்கூடாதாம். அத்தோடு சாதாரண ஸ்டன் கன் டேசர் மாதிரிக் கம்பி எறிவதில்லை. கிட்ட வந்தவனின் உடம்பில் முட்டினால்தான் வேலை செய்யும். தூர நிற்பவனைப் போய்ச் சுட அது துவக்கு இல்லை.

"வீட்டில் புருஷன்மாரே அதை மனைவிமேல் பாவிப்பார்கள்." இதை எழுதியவர் ஒரு அக்கா. பெண்கள் அமைப்பொன்றில் வேலை செய்தவர். அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அக்கா, அடிக்கிறவனுக்குக் கையும் பெல்ட்டும் போதுமாயிருக்கிறது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். இல்லாதது அடிவாங்குகிறவளிடம்தான்.

அமெரிக்காவைக் காட்டாதே என்று இன்னொருவர். காட்டத்தான் போகிறேன். மசாசூசெற்ஸில் ஜேமி கயற்றானோ என்ற பெண். அடித்துத் துன்புறுத்திய பழைய காதலனுக்கு எதிராக நீதிமன்ற உத்தரவுகள் வாங்கியும் அவன் விடவில்லை. ஒருநாள் இரவு வேலையிடத்துக்கு வெளியே வந்து மறித்தபோது ஸ்டன் கன்னை எடுத்துக் காட்டினார். பாவிக்கவே இல்லை, காட்டியதோடு அவன் போய்விட்டான். பிறகு அதை வைத்திருந்ததற்காக அந்தப் பெண்ணுக்கே குற்றத்தீர்ப்பு. 2016இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்தக் குற்றத்தீர்ப்பை உறுதிசெய்த மாகாண மன்றத்தின் முடிவை ஒருமனதாக ரத்துச் செய்தது. 2018இல் அந்த மாகாண உயர்மன்றமே முழுத் தடை செல்லாது என்றது. அதற்காக மசாசூசெற்ஸ் காடாகிவிடவில்லை. இப்போது அங்கே அனுமதிப்பத்திரம் வேண்டும். மிச்சிகனிலும் டேசர் கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்கள் எல்லை நகரமான வின்சரில் பாலத்தைத் தாண்டினால் மிச்சிகன்தான்.

இங்கே ஆயுத உரிமை என்று ஒன்று இல்லை என்று கனடா உச்சநீதிமன்றம் 1993இலேயே சொல்லிவிட்டது. எனக்குத் தெரியும். நான் உரிமை கேட்கவில்லை. அனுமதிப்பத்திரம் கேட்கிறேன். இந்த நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் துவக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறது. பாதுகாப்பு வகுப்பு, பரீட்சை, பின்னணிச் சோதனை, கூட இருக்கும் துணைக்கு அறிவித்தல் எல்லாம் அதில் உண்டு. மான் வேட்டைக்குத் துப்பாக்கி தர அந்த முறை போதும். அதே முறையில் முதியோர் இல்லத்துப் பிள்ளைக்கு ஸ்டன் கன் தர ஏன் போதாது? விண்ணப்பிக்க ஒரு படிவம்கூட இல்லை. மறுக்கப்படவாவது ஒரு வழி வேண்டாமா?

என்னை எரிக்கிறது இதுதான். தற்காப்பைப் பற்றிய 34ஆம் பிரிவை 2013இல் திருத்தினார்கள். ஒருவர் செய்தது நியாயமா என்று பார்க்கும்போது இரு தரப்பினரின் உடல் அளவு, வயது, பாலினம், உடல் வலு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. அதற்கு முன்பே 1990இல், அடித்துவந்த துணைவனைக் கொன்ற பெண்ணின் லவலீ வழக்கில் நீதிபதி பேர்தா வில்சன், அடிவாங்கும் பெண்ணின் நிலைமையை ஆணின் அளவுகோலால் அளக்க முடியாது என்பதை உச்சநீதிமன்றத்தின் பெயரால் எழுதிவைத்தார். ஆக, நான் ஐந்தடி என்பதும் அவன் ஆறடி என்பதும் சட்டத்துக்குத் தெரியும். ஆனால் எல்லாம் நடந்து முடிந்து, நான் கூண்டில் நிற்கும்போதுதான் அது ஞாபகம் வருகிறது. ரோட்டில் நிற்கும்போது நாங்கள் இருவரும் சமம். இருவருக்கும் வெறுங்கை.

கடைசியாக ஒரு கருத்து. அதை எழுதியவர் யாரென்று சொல்ல மாட்டேன். "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். இங்கேயும் ஆயுதம் கேட்க வெட்கமில்லையா?" இதை வாசித்துவிட்டு நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து இருந்தேன். அண்ணா, நீங்கள் 84இலேயே வந்துவிட்டீர்கள். நான் சோதனைச்சாவடிகளைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள். சாவடியில் கை நீட்டித் தடவியவனை எதுவும் செய்ய முடியாமல், அழாமல், முகத்தை நேரே வைத்துக்கொண்டு நின்றவள். ஆயுதம் என்ன செய்யும் என்று எனக்கு நீங்கள் படிப்பிக்க வேண்டாம். ஆயுதம் வைத்திருப்பவன் முன்னால் வெறுங்கையோடு நிற்பது எப்படி என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்த வெறுங்கையைப் பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுக்க எனக்கு மனமில்லை. இதற்கு வெட்கப்பட வேண்டும் என்றால் நான் வெட்கப்படாமலே இருந்துவிட்டுப் போகிறேன்.

பறிமுதல் கடிதத்தில் முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்க 90 நாள் இருக்கிறது என்று போட்டிருக்கிறது. பொருள் திரும்பி வராது, அது தெரியும். அவளுடைய பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது, வேலைக்கான பொலிஸ் சான்றிதழில் அது வருமா என்பதுதான் இப்போது வீட்டில் எல்லோருக்கும் கவலை. இந்த விஷயத்தில் அனுபவம் உள்ள சட்டத்தரணி யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு அனுமதிப்பத்திர முறை கேட்டு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்து வைக்க விரும்பும் பெண்கள் பெயரைத் தாருங்கள். "தனியே நடக்காதே" என்று எழுதிய அண்ணன்மாரும் தம்பிமாரும் எந்தெந்த இரவு பதினொன்றரைக்கு அந்த பஸ் தரிப்பிடத்துக்குக் காரோடு வர ஏலும் என்று கீழே எழுதுங்கள். அவளோடு அந்த ஷிப்டில் இன்னும் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பட்டியல் போடுகிறேன்.